ஜீப்புக்கு எந்த விசிறி?

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் காஞ்சிபுரத்தைத் தாண்டிப் பாலுசெட்டி சத்திரம் வரும்வரை, பழைய மகிந்திரா ஜீப்பின் வெப்பமானி முள் பெரும்பாலும் நடுவிலேயே நிற்கும். கோடை வெயில், 60 கிலோமீட்டர் வேகம், எஞ்சின் முழு உழைப்பு. இருந்தும் சூடு ஏறாது. நெடுஞ்சாலையை விட்டு இறங்கித் திருப்புட்குழித் தெருவுக்குள் நுழைந்து, விஜயராகவப் பெருமாள் புறப்பாட்டுக்குக் கூடிய கூட்டத்தின் பின்னால் நடை வேகத்தில் ஊரும்போதுதான் முள் மெல்லக் கிளம்பும். உழைக்கும்போது சூடாகாத எஞ்சின், சும்மா நிற்கும்போது ஏன் கொதிக்க வேண்டும்? பழைய ஜீப் வைத்திருப்பவர்களுக்கு இது அலுத்துப்போன புதிர். அவர்களுக்குக் கிடைக்கும் ஆலோசனையும் அலுத்துப்போனதுதான்: ‘ஃபேனை மாத்துங்க சார், பெருசா போடுங்க.’ நாலு இதழ் விசிறிக்குப் பதில் ஆறு இதழ், இரும்புக்குப் பதில் பிளாஸ்டிக், பெல்ட்டில் ஓடுவதற்குப் பதில் மின்சாரத்தில் ஓடுவது என்று கடையில் வகை வகையாக உண்டு. ஆனால் பெரும்பாலான ஜீப்புகளில் கோளாறு விசிறியின் அளவில் இல்லை, காற்று போகும் வழியில் இருக்கிறது. வழியைச் சரிசெய்யாமல் விசிறியை மாற்றுவது, ஓட்டை வாளியை வைத்துக்கொண்டு ராட்டினத்தைக் குறை சொல்வது போல.

முதலில் வரவு செலவைப் பார்த்துவிடலாம். எரியும் டீசலின் ஆற்றல் மூன்று பங்காகப் பிரிகிறது என்று தோராயமாகக் கொள்ளலாம். ஒரு பங்கு சக்கரத்தைச் சுழற்றுகிறது. ஒரு பங்கு சைலன்சர் வழியே புகையோடு போகிறது. மீதி ஒரு பங்கு எஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீரில் ஏறி ரேடியேட்டருக்கு வருகிறது. ஒரு லிட்டர் டீசலை ஒரு மணி நேரத்தில் எரித்தால் வெளிவரும் வெப்பம் ஏறக்குறைய 10 கிலோவாட். நெடுஞ்சாலையில் மணிக்கு 5 லிட்டர் எரிக்கும் ஜீப்பில் 50 கிலோவாட் பிறக்கிறது. அதில் 16, 17 கிலோவாட் ரேடியேட்டர் தலையில் விழுகிறது. வீட்டு இஸ்திரிப் பெட்டிகள் பதினாறை ஒரே நேரத்தில் சூடாக்குவதற்குச் சமம் அது. நின்ற இடத்தில் மெதுவாக ஓடும்போது மணிக்கு ஒரு லிட்டர் எரிகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். சக்கரத்துக்கு வேலை இல்லாததால் பாதி வெப்பம் தண்ணீருக்கே போனாலும் 5 கிலோவாட்தான். ஒரு கன மீட்டர் காற்றை 25 டிகிரி சூடாக்க 29 கிலோஜூல் போதும் என்பதால், இந்த 5 கிலோவாட்டை அள்ளிக்கொண்டு போக வினாடிக்கு ஒரு கன மீட்டரில் ஆறில் ஒரு பங்கு காற்று ரேடியேட்டருக்குள் புகுந்து வந்தால் போதும். வீட்டு மேசை விசிறி திறந்த இடத்தில் நகர்த்தும் காற்றைவிட இது மிகக் குறைவு. சாலையிலிருந்து அப்போதுதான் வந்த எஞ்சினின் இரும்புக்குள் தங்கியிருக்கும் சூட்டையும் சேர்த்தால் தேவை சில நிமிடங்களுக்குக் கூடும். ஆனாலும் மலைக்கும்படியான காற்று தேவையில்லை. அப்படியானால் இந்தச் சிறு தேவையைக்கூட நிறைவேற்ற முடியாமல் விசிறி தோற்பது எங்கே?

காற்று சோம்பேறி. தடை உள்ள வழியும் தடையற்ற வழியும் அருகருகே இருந்தால் தடையற்ற வழியில்தான் போகும். ரேடியேட்டர் என்பது நெருக்கமான மெல்லிய தகடுகளும் குழாய்களும் சேர்ந்த தடுப்பு. அதற்குள் காற்று சிரமப்பட்டுத்தான் நுழைய வேண்டும். சமையலறைச் சுவரில் ஓட்டை போட்டுப் பொருத்தும் எக்ஸாஸ்ட் ஃபேனை நினைத்துப் பாருங்கள். ஃபேனைச் சுற்றிச் சிமெண்ட் பூசாமல் நாலு விரல் இடைவெளி விட்டால், தாளிக்கும் புகை வெளியே போகாது. வெளிக்காற்றே அந்த இடைவெளி வழியாக உள்ளே வந்து மறுபடி ஃபேனுக்குள் போய்ச் சுற்றிக்கொண்டிருக்கும். ஃபேன் ஓடும் சத்தம் கேட்கும், வேலை நடக்காது. ஜீப்பிலும் இதுவேதான். எஞ்சின் பக்கத்திலிருந்து விசிறி இழுக்கும்போது, ரேடியேட்டருக்கும் விசிறிக்கும் நடுவே மறைப்பு இல்லையென்றால், தடுப்பைத் தாண்டி முன்னாலிருந்து வர வேண்டிய காற்று வராமல், பக்கவாட்டிலிருந்து எஞ்சின் சூட்டுக் காற்றே விசிறிக்குள் வந்து சேர்கிறது. ரேடியேட்டரைத் தாண்டி வந்த வெந்த காற்று ஓரத்து இடைவெளிகளின் வழியே முன்பக்கம் போய் மீண்டும் ரேடியேட்டருக்குள்ளேயே நுழைவதும் உண்டு. இந்த இரண்டாவது கோளாறு கொடியது. தண்ணீர் 90 டிகிரி, வெளிக்காற்று 40 டிகிரி என்றால் வித்தியாசம் 50. வெப்பம் கைமாறுவது இந்த வித்தியாசத்தை நம்பித்தான். திரும்பி வந்த காற்றினால் ரேடியேட்டர் முகத்தில் 60 டிகிரிக் காற்று படுகிறது என்றால் வித்தியாசம் 30 ஆகிறது. ஐந்தில் இரண்டு பங்கு குளிர்ச்சி போயிற்று. விசிறி மட்டும் பழைய வேகத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். நெடுஞ்சாலையில் வினாடிக்குப் பதினாறு மீட்டருக்கு மேல் எதிர்க்காற்று அடிப்பதால் இந்தக் கள்ளத்தனம் தெரியாமல் போகிறது. தெருவில் தெரிந்துவிடுகிறது.

இதற்குப் பரிகாரமாக வருவதுதான் ரேடியேட்டரின் பின்முகத்தை மூடி விசிறியைச் சுற்றி வளையமாக முடியும் தகட்டுக் கூடு. ஷ்ரௌட் என்பது கடையில் அதன் பெயர். இந்தக் கட்டுரைக்குக் காற்றுக்கூடு என்று வைத்துக்கொள்வோம். விசிறி இழுக்கும் காற்று எல்லாம் ரேடியேட்டரின் முழு முகத்தையும் கடந்துதான் வர வேண்டும் என்று கட்டாயப்படுத்துவது இதன் முதல் வேலை. இரண்டாவது வேலை கண்ணுக்குத் தெரியாதது. அதைப் புரிந்துகொள்ளத் திருப்புட்குழியின் பெயரே உதவும். புள் என்றால் பறவை. கழுகரசன் ஜடாயுவுக்கு ராமன் ஈமக்கடன் செய்த இடம் என்பது தலபுராணம். கழுகு வட்டமிடும்போது அதன் சிறகு நுனியைப் பாருங்கள்: விரித்த கைவிரல்கள் போல இறகுகள் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும். சிறகின் அடிப்பக்கத்தில் காற்றழுத்தம் கூடுதல், மேற்பக்கத்தில் குறைவு. நுனியில் மறைப்பு இல்லாததால் அடிக்காற்று மேலே வழிந்து சுழலாகிறது. அந்தச் சுழலை உண்டாக்கும் ஆற்றல் பறவையின் கணக்கிலிருந்து வீணாகக் கழிகிறது. பிரிந்த இறகுகள் இந்த நட்டத்தைக் குறைக்கின்றன என்று வெறும் யூகமாகச் சொல்லி வந்ததை, அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வான்ஸ் டக்கர் 1990களில் காற்றுச் சுரங்கத்துக்குள் பழக்கிய பருந்தைப் பறக்கவிட்டு அளந்து காட்டினார். விசிறியின் ஒவ்வோர் இதழும் ஒரு சிறகுதான். அதன் நுனியிலும் அழுத்தக் காற்று வழிந்தோடப் பார்க்கும். பறவைக்குச் சுற்றிலும் சுவர் எழுப்ப வழியில்லை, அதனால் இறகைப் பிரித்துச் சமாளிக்கிறது. நமக்கு வழி உண்டு. நுனிக்கும் காற்றுக்கூட்டு வளையத்துக்கும் இடைவெளி சிறிதாக இருந்தால் வழிவதற்கு இடமே கிடையாது. முழுக்க ஒட்டிவிடவும் கூடாது. எஞ்சின் ரப்பர் தாங்கிகளின் மேல் உட்கார்ந்து ஆடுகிறது, ரேடியேட்டரோ சட்டத்தோடு நிற்கிறது; மேடு பள்ளத்தில் இரண்டும் ஒரே சீராக அசையாது. அதனால் 12 முதல் 25 மில்லிமீட்டர் இடைவெளியும், இதழின் அகலத்தில் பாதியோ அதற்குச் சற்று மேலோ வளையத்துக்குள் இருப்பதும் நடைமுறையில் ஒத்துவரும் அளவுகள்.

காற்று எங்கே போகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? விமானம் செய்பவர்கள் சிறகின் மேல் சிறு நூல் துண்டுகளை வரிசையாக ஒட்டிவிட்டு, காற்றோட்டத்தில் அவை எப்படிப் படுத்திருக்கின்றன என்று பார்க்கும் வழக்கம் நெடுநாளாக உண்டு. நூல் அசையாமல் பின்னோக்கிப் படிந்தால் காற்று ஒழுங்காக ஓடுகிறது. துடித்தாலோ முன்பக்கம் திரும்பினாலோ அங்கே சுழல் இருக்கிறது. காஞ்சிபுரத்துப் பக்கம் இந்தச் சோதனைக்கு அலைய வேண்டியதில்லை. தறியில் அறுந்து விழும் பட்டு இழையே போதும். கனமே இல்லாததால் மிக மெல்லிய காற்றுக்கும் அது பணிந்து போகும். இரண்டு அங்குல நீள இழைகளை ரேடியேட்டரின் முன்முகத்தில் நாலு மூலையிலும், நடுவிலும், ஓரத்து இடைவெளிகளிலும் ஒட்டிவிட்டு, வண்டியை நிறுத்திய இடத்திலேயே மெதுவாக ஓடவிட்டுப் பார்க்கலாம். நடுவில் உள்ள இழை உள்ளே இழுக்கப்பட்டு, மூலையில் உள்ளது சும்மா தொங்கினால், ரேடியேட்டரின் நாலு மூலையும் வேலையே செய்யவில்லை, விசிறிக்கு நேர் எதிரே உள்ள வட்டம் மட்டும்தான் குளிர்கிறது. ஓரத்து இழை உங்கள் முகத்தை நோக்கி வெளியே பறந்தால், வெந்த காற்று திரும்பி வருகிறது. பல ஆயிரம் ரூபாய் விசிறியை வாங்கும் முன் செய்ய வேண்டிய இந்தப் பரிசோதனைக்கு ஒரு பைசா செலவில்லை. ஆனாலும் இதைச் செய்துவிட்டு விசிறி வாங்குபவர்கள் மிகக் குறைவு.

விசிறியே முக்கியமில்லை என்று சொல்லவரவில்லை. வழியைச் சரிசெய்த பிறகு எந்த விசிறி என்ற கேள்வி மிஞ்சத்தான் செய்கிறது. அதற்கு விடை தேட ஒரு விதியைத் தெரிந்துகொள்ள வேண்டும்; மும்மடி விதி என்று சொல்லலாம். விசிறியின் வேகத்தை இரட்டித்தால் காற்று இரட்டிக்கும், ஆனால் அதைச் சுழற்றத் தேவைப்படும் திறன் எட்டு மடங்காகும். எட்டு எங்கிருந்து வந்தது? வேகம் இரட்டித்தால் ஒவ்வொரு கிலோ காற்றும் சுமக்கும் ஆற்றல் நான்கு மடங்கு. 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டியைவிட 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி பிரேக் பிடித்து நிற்க நான்கு மடங்கு தூரம் எடுப்பது இதே காரணத்தால்தான். அத்தோடு, ஒரு வினாடியில் கடக்கும் காற்றின் அளவும் இரண்டு மடங்கு. நாலை இரண்டால் பெருக்கினால் எட்டு. எஞ்சினோடு பெல்ட்டில் பிணைந்த விசிறி 1000 சுற்றில் ஒரு பங்கு திறன் தின்றால், 2000 சுற்றில் எட்டுப் பங்கு, 3000 சுற்றில் இருபத்தேழு பங்கு தின்னும். திறனளக்கும் மேடையில் எஞ்சினை ஏற்றி, பெல்ட் பூட்டியும் கழற்றியும் ஓட்டினால் வித்தியாசம் நேராகவே தெரியும். வெறும் எஞ்சினுக்கும் வண்டியில் பூட்டிய எஞ்சினுக்கும் உள்ள இடைவெளி வணிகத்துக்கும் நன்றாகத் தெரிந்திருந்தது. அமெரிக்காவில் 1971 வரை விசிறி, சைலன்சர் போன்றவற்றைக் கழற்றிவைத்து அளந்த குதிரைத்திறனையே விளம்பரத்தில் போட்டார்கள். 1972 மாடல்களிலிருந்து எல்லாவற்றையும் பூட்டி அளந்த நிகரத் திறனுக்கு மாறியபோது, எஞ்சின் மாறாமலே எண்கள் பல படி இறங்கின.

இந்த விதியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் பெல்ட் விசிறியின் குணம் விளங்கும். நெடுஞ்சாலையில் எதிர்க்காற்று தாராளமாக இருக்கும்போது அது அதிவேகமாகச் சுற்றித் திறனை வீணடிக்கிறது. தெருவில் காற்று வேண்டியிருக்கும்போது மெல்லச் சுற்றுகிறது. கேட்கும்போது கொடுக்காமல், கேட்காதபோது கொட்டும் குணம். மின்விசிறிக்காரர்களின் வாதம் இங்கேதான் எழுகிறது: எஞ்சின் எந்த வேகத்தில் ஓடினாலும் மின்விசிறி முழு வேகத்தில் சுற்றும், தேவையில்லாதபோது அணைந்துவிடும், இன்றைய கார்கள் அத்தனையிலும் அதுதானே இருக்கிறது? நியாயமான வாதம். ஆனால் இன்றைய கார்களில் அது வந்ததற்கு முதல் காரணம் குளிர்ச்சியே அல்ல. எஞ்சின் குறுக்குவாட்டில் உட்கார்ந்துவிட்டதால், எஞ்சின் முனையிலுள்ள பெல்ட்டால் முன்னே இருக்கும் ரேடியேட்டரை எட்ட முடியவில்லை. ஜீப்பின் எஞ்சின் நெடுக்குவாட்டில், விசிறி நேராக ரேடியேட்டரைப் பார்த்தபடி இருக்கிறது. அடுத்து, மின்சாரக் கணக்கு. ரேடியேட்டர் மின்விசிறி 20 ஆம்பியர் எடுத்தால் 12 வோல்ட்டில் 240 வாட்; ஆல்டர்னேட்டரின் நட்டத்தையும் சேர்த்தால் பெல்ட்டிலிருந்து ஏறத்தாழ 400 வாட், அதாவது அரைக் குதிரைத்திறன். பெரிய செலவல்ல. ஆனால் பழைய ஜீப்பின் ஆல்டர்னேட்டர் மொத்தம் தருவதே 30, 40 ஆம்பியர். எஞ்சின் மெதுவாக ஓடும்போது அதுவும் குறையும். இன்னும் பழைய டைனமோ வண்டியென்றால் அந்த நேரத்தில் ஏறக்குறைய ஒன்றுமே வராது. இரவில் ஹெட்லைட் 10 ஆம்பியர், மழையில் வைப்பர் என்று கூடினால், புறப்பாட்டுக் கூட்டத்தின் பின்னால் ஒரு மணி நேரம் ஊரும் ஜீப் பேட்டரியைத் தின்றுதான் விசிறியை ஓட்டும். தேவை கூடும் நேரமும் வரவு குறையும் நேரமும் ஒன்றாக வந்து சேருவதுதான் இதன் சிக்கல். போதாக்குறைக்கு ரிலே, ஃப்யூஸ், வெப்ப ஸ்விட்ச், தரையிணைப்பு என்று நாலு புதிய கண்ணிகள். எது போனாலும் விசிறி நிற்கும். பெல்ட் அறுந்தால்? அதுவும் நிற்கும்தான், ஆனால் சார்ஜ் விளக்கு எரிந்து உடனே சொல்லிவிடும்.

ஜீப் எதற்காகப் பிறந்தது என்பதையும் மறக்கக்கூடாது. மகிந்திரா நிறுவனம் 1940களின் இறுதியில் வில்லிஸ் ஜீப்பை மும்பையில் இணைக்கத் தொடங்கியது, பின்னாளில் எம்.எம். 540 வண்டியில் பியூஜோவின் 2112 சி.சி. டீசல் எஞ்சினைப் பூட்டியது. இரண்டுமே மணலிலும் சேற்றிலும் லோ கியரில் இழுக்கப் பிறந்தவை. பாலாற்று மணலில் நாலு சக்கரமும் பூட்டி லோ கியரில் இழுக்கும்போது வண்டி வேகம் 10 கிலோமீட்டர்கூட இருக்காது. எஞ்சின் மட்டும் 3000 சுற்றில் அலறும். உண்மையில் எஞ்சினுக்கு மிகக் கடுமையான நேரம் இதுதான்: வெப்பம் உச்சத்தில், எதிர்க்காற்று பூஜ்ஜியம். பெல்ட் விசிறி இங்கே தன் முழு வேகத்தில் சுற்றிக் காற்றை வாரி இறைக்கிறது. கேட்காதபோது கொட்டும் அதே குணம், ஜீப் ஜீப்பாக நடந்துகொள்ளும் நேரத்தில் சரியாக வந்து பொருந்துகிறது. அதோடு டீசல் எஞ்சின் மெதுவாக ஓடும்போது மிகச் சிக்கனமாகவே எரிக்கும் என்பதால், மேலே பார்த்த கணக்குப்படி தெருவின் தேவையும் சிறிதுதான். காற்றுக்கூடு இருந்தால் மெல்லச் சுற்றும் விசிறியே அதை ஈடுகட்டிவிடும். ஆழமான தண்ணீரில் இறங்கும்போது மட்டும் பெல்ட் விசிறி ஆபத்து. தண்ணீரில் அது படகின் சுழலி போலாகி, இதழ்கள் முன்னோக்கி வளைந்து ரேடியேட்டரையே கிழித்துவிடக்கூடும். இறங்கும் முன் பெல்ட்டைத் தளர்த்திவிடுவது பழைய வழக்கம். மின்விசிறியை அணைத்துவிடலாம் என்பதில் அதற்கு ஒரு மதிப்பெண் கூடுதல்.

இரண்டுக்கும் நடுவே ஒரு சமரசம் உண்டு: பாகுப்பிடி விசிறி. பாகு பதத்தில் கெட்டியான சிலிக்கோன் எண்ணெய் வழியாகச் சுழற்சி கைமாறும் விசிறி அது. முகப்பில் உள்ள ஈருலோகச் சுருள், ரேடியேட்டரைக் கடந்து வரும் காற்றின் சூட்டை உணர்ந்து, சூடானால் எண்ணெயை வேலை செய்யும் அறைக்குள் திறந்துவிடும். குளிர்ந்தால் எண்ணெய் ஒதுங்கி விசிறி நழுவிச் சுற்றும். மின்சாரமே இல்லாமல் தானே முடிவெடுக்கும் அழகான பொறி. ஆனால் நீளத்திலும் கனத்திலும் பெரியது. ஜீப்பின் குட்டையான மூக்குக்குள் ரேடியேட்டருக்கும் வாட்டர் பம்ப்புக்கும் நடுவே அதற்கு இடம் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் அத்தனை கனத்தையும் பம்ப்பின் பேரிங் தாங்க வேண்டும். இடம் உள்ளவர்களுக்கு முதல் தேர்வு அதுதான்.

மின்விசிறியே போடுவதென்று முடிவெடுப்பவர்கள் ஒரு தவறைத் தவிர்க்க வேண்டும். ரேடியேட்டருக்குப் பின்னால் இழுக்கச் செய்த விசிறியை முன்னால் வைத்துத் தள்ளவிட, அதைத் திருப்பிப் பொருத்தினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படிச் செய்தால் காற்றும் விசிறியோடு சேர்ந்து திரும்பி, எதிர்க்காற்றோடு மல்லுக்கு நிற்கும். இரண்டு வயர்களை மாற்றிப் பின்பக்கமாகச் சுழலவிட்டால் திசை சரியாகும், ஆனால் இதழின் வளைவு தலைகீழாக வேலை செய்வதால் காற்று கணிசமாகக் குறையும். தள்ளும் இடத்துக்குத் தள்ளவே செய்த விசிறி வேண்டும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவதும் பட்டறைகளில் நடக்கும் இன்னொரு வைத்தியம். அது எஞ்சின் சூடாகும்வரை மூடியிருந்து பிறகு முழுதாகத் திறந்துகொள்ளும் கதவு. முள் மேலே போன நேரத்தில் அது ஏற்கெனவே திறந்துதான் இருக்கும். சில எஞ்சின்களில் அதைக் கழற்றினால் சுடுநீரில் ஒரு பங்கு ரேடியேட்டரைப் பார்க்காமலே குறுக்கு வழியில் எஞ்சினுக்குத் திரும்பி, நிலைமை மோசமாகும்.

ஆகவே, டீசல் ஜீப்பென்றால் முதலில் ரேடியேட்டரின் உள்ளும் வெளியும் சுத்தம், பிறகு பொருந்திய காற்றுக்கூடு, ஓரத்து இடைவெளிகளுக்கு ரப்பர் பட்டை, நல்ல பெல்ட், அதற்குப் பின் பழைய பெல்ட் விசிறியே போதும். ஏ.சி. பூட்டி ஊருக்குள்ளேயே ஓடும் பெட்ரோல் வண்டிக்கு மின்விசிறி சரி, கூடவே பெரிய ஆல்டர்னேட்டரும் வாங்க மனமிருந்தால். எதை வாங்கினாலும் பட்டு இழைச் சோதனையை முன்னும் பின்னும் ஒருமுறை செய்துவிடுங்கள். இழையை ஒட்டும்போது எஞ்சின் நிற்கட்டும், தோளில் தொங்கும் துண்டு வேண்டாம். ஏற்கெனவே மின்விசிறி உள்ள வண்டியென்றால் பேட்டரி இணைப்பையும் கழற்றிவிடுங்கள்; சாவியை எடுத்த பிறகும் அது தானாகச் சுற்றத் தொடங்கக்கூடும்.